உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சியில் பழைய திரைப்படங்களைத் தொகுப்பாளருடன் வழங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1974 மார்ச் 30 அன்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கல்வித் தொலைக்காட்சியில், இங்மார் பெர்க்மனின் ‘த்ரூ எ கிளாஸ் டார்க்லி’ என்ற சுவீடன் படத்துடன் ஒரு சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி தொடங்கியது. ‘சாட்டர்டே நைட் அட் தி மூவீஸ்’ என்ற அந்த நிகழ்ச்சியை எல்வி யோஸ்ட் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர் 25 ஆண்டுகள் தொகுத்து வழங்கினார். படம் இடையில் அறுபடாமல் ஓடியது. அதை ஒட்டி, அந்தப் படத்தையோ அதில் பணியாற்றியவர்களையோ பற்றிய நேர்காணல்கள் வந்தன. பொதுத் தொலைக்காட்சி பழைய படங்களை எப்படி மரியாதையுடன் நடத்தலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன்.

வட அமெரிக்காவில் உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சி நிலையத்திலோ சமூக ஒளிபரப்பு மையத்திலோ பணிபுரிபவர்களுக்கும், அங்கே தன்னார்வலராகச் சேர விரும்புபவர்களுக்கும் இந்த வழிகாட்டி உதவும். இதில் வரும் சட்டக் குறிப்புகள் அனைத்தும் அமெரிக்காவுக்கு உரியவை. மற்ற நாடுகளில் பதிப்புரிமைக் காலம் வேறு என்பதால் அவற்றை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

முதல் படி: நேரத்தைக் கணக்கிடுங்கள்

பலர் படப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். கடிகாரத்திலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. வணிகத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் என்பது ஏறத்தாழ 42 முதல் 44 நிமிட நிகழ்ச்சிதான். மீதி விளம்பரத்துக்குப் போய்விடும். அங்கே 92 நிமிடப் படம் ஒன்றை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டுமானால் படத்தில் கை வைத்தாக வேண்டும். பொதுத் தொலைக்காட்சியில் அதே இரண்டு மணி நேரத்தில் அந்தப் படம் முழுமையாக ஓடி முடிந்த பிறகும் 28 நிமிடங்கள் மிஞ்சும். நிலைய அடையாளம், ஆதரவாளர் பெயர்கள், அடுத்த நிகழ்ச்சி அறிவிப்பு ஆகியவற்றுக்கு நான்கு நிமிடம் ஒதுக்கினால், தொகுப்பாளர் கையில் 24 நிமிடம் இருக்கும்.

இந்த 24 நிமிடம்தான் உங்கள் நிலையத்தின் உண்மையான மூலதனம். படத்தை இன்று எங்கும் பார்த்துவிடலாம். படத்துக்கு முன்னும் பின்னும் அதை நேசிக்கும், அதைப் பற்றி அறிந்த ஒருவர் அமைதியாகப் பேசுவதைத்தான் வேறு எங்கும் எளிதில் பெற முடியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: படத்தின் சரியான நீளம், உங்களுக்குக் கிடைத்துள்ள ஒளிபரப்பு நேரம், எஞ்சும் நிமிடங்கள். எஞ்சுவது எட்டு நிமிடத்துக்குக் குறைந்தால் அந்தப் படத்துக்கு வேறு நேர அளவு கேளுங்கள். எக்காரணம் கொண்டும் படத்தைச் சுருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: உரிமையைச் சரிபாருங்கள்

மிகுந்த பொறுமை தேவைப்படும் பகுதி இதுவே. கடையில் வாங்கிய குறுந்தகடு உங்களுடையதாக இருக்கலாம். அதில் உள்ள படத்தை ஒளிபரப்பும் உரிமை உங்களுடையது அல்ல. நூலக அரங்குகளில் திரையிட வாங்கும் அனுமதியும் ஒளிபரப்புக்குச் செல்லாது. எனவே உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன: ஒளிபரப்பு உரிமையை விலைக்கு வாங்குவது, அல்லது பதிப்புரிமைக் காலம் தீர்ந்த படங்களைத் தேர்ந்தெடுப்பது.

பதிப்புரிமை தீர்ந்ததா என்பதை அறிய மூன்று காலப் பிரிவுகளை நினைவில் கொள்ளுங்கள். அமெரிக்காவில் வெளியான படத்துக்கு அதிகபட்சப் பாதுகாப்பு 95 ஆண்டுகள். ஆகவே 2026 ஜனவரி 1 முதல், 1930 வரை வெளியான படங்கள் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டன. 1931 முதல் 1963 வரை வெளியான படங்களுக்கு, 28ஆம் ஆண்டில் உரிமையாளர் பதிப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்கத் தவறிய படங்கள் பல உண்டு. 1964 முதல் 1977 வரை வெளியான படங்களுக்குப் புதுப்பித்தல் தானாகவே நிகழ்ந்துவிடும் என்றாலும், அந்நாளில் கட்டாயமாக இருந்த பதிப்புரிமை அறிவிப்பைத் திரையில் காட்டத் தவறியதால் உரிமை இழந்த படங்களும் இருக்கின்றன. 1968இல் வெளியான ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ அப்படிப்பட்டது: விநியோகஸ்தர் படத்தின் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையுடன் அறிவிப்பும் போய்விட்டது.

புதுப்பித்தல் நடந்ததா என்று பார்க்க, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பதிவேடுகளைத் தேட வேண்டும். 1978 முதலான பதிவுகளை அலுவலகத்தின் இணையத் தேடலிலேயே காணலாம். அதற்கு முந்தையவை அச்சுத் தொகுதிகளாக வெளிவந்தவை. அவற்றின் பக்கங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இன்டர்நெட் ஆர்கைவில் உள்ளன. ஒருவர் தேடி ‘இல்லை’ என்றால் போதாது. இரண்டாவது நபர் ஒருவர், முதலாமவரின் குறிப்பைப் பார்க்காமல், படத்தின் தலைப்பு, மாற்றுத் தலைப்பு, தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் ஆகிய மூன்றின் கீழும் தேட வேண்டும்.

அப்போதும் பணி முடிவதில்லை. 1946இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தின் பதிப்புரிமை 1974இல் புதுப்பிக்கப்படவில்லை. உடனே நாடெங்கும் உள்ளூர் நிலையங்கள், பொதுத் தொலைக்காட்சிகள் உட்பட, ஒவ்வொரு டிசம்பரிலும் அதைக் கட்டணமின்றி ஒளிபரப்பத் தொடங்கின. வெளியானபோது வசூலில் தளர்ந்த அந்தப் படம் அமெரிக்கக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் வழக்கமாகவே மாறியதற்கு உள்ளூர் நிலையங்களே காரணம். ஆனால் அந்தப் படம் ‘தி கிரேட்டஸ்ட் கிஃப்ட்’ என்ற சிறுகதையிலிருந்து உருவானது. கதையின் உரிமை உயிருடன் இருந்தது. மூலக்கதை உரிமையாளரின் அனுமதியின்றித் திரைப்படத்தைப் பயன்படுத்த முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதைக் காட்டி ரிப்பப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனம் 1993இல் கதையுரிமையையும் இசையுரிமையையும் முன்னிறுத்தி, படத்தை மீண்டும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அதன் ஒளிபரப்பு உரிமை ஒரே ஒரு தேசிய அலைவரிசைக்குப் போனது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விதி எளியது: படத்தின் உரிமையை மட்டும் பார்க்காமல், மூலக்கதை அல்லது நாடகம், இசை ஆகியவற்றின் உரிமையையும் பாருங்கள். 1940இல் வெளியான ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ படத்தின் பதிப்புரிமை புதுப்பிக்கப்படவில்லை. ஆனால் அதன் மூலமான 1928ஆம் ஆண்டு நாடகம் 2024 ஜனவரி 1 அன்றுதான் பொதுவானது. வெளிநாட்டுப் படங்களிலும் கவனம் தேவை. அமெரிக்காவில் உரிமை இழந்திருந்த வெளிநாட்டுப் படங்கள் பலவற்றுக்கு 1996இல் சட்டம் உரிமையைத் திருப்பித் தந்துவிட்டது. மௌனப் படம் பழையதாக இருக்கலாம். அதனுடன் ஒலிக்கும் பின்னணி இசை சென்ற ஆண்டு பதிவானதாக இருக்கலாம். அந்த இசைக்குத் தனி உரிமை உண்டு. இவ்வளவும் முடிந்த பின், கண்டறிந்தவற்றை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, நிலையத்தின் வழக்கறிஞரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

விலைக்கு வாங்கும் படங்களுக்கு ஒப்பந்தத்தில் நான்கு செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: எத்தனை முறை ஒளிபரப்பலாம், எந்தத் தேதி வரை, எந்தப் பகுதிக்குள், இணையத்திலும் செயலியிலும் அதே நேரத்தில் ஓடலாமா. கடைசிக் கேள்வியைக் கேட்க மறந்தால், வானலையில் படம் ஓடும்போது இணையத்தில் திரையைக் கறுப்பாக்க வேண்டிய நிலை வரும்.

மூன்றாம் படி: நல்ல பிரதியைத் தேடுங்கள்

உரிமை தீர்ந்த படங்களுக்கு நேரும் பெரிய கேடு, மங்கிய பிரதிகள் பெருகுவதுதான். யாரும் நகலெடுக்கலாம் என்பதால் நகலின் நகலே எங்கும் கிடைக்கிறது. பழைய படம் என்றாலே கீறலும் இருட்டுமாகத்தான் இருக்கும் என்று பார்வையாளர்கள் எண்ணுவதற்கு இதுவே காரணம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் சில படங்களைத் தன் தளத்திலேயே நல்ல தரத்தில் வைத்திருக்கிறது; தேடலை அங்கிருந்து தொடங்கலாம். பல்கலைக்கழகத் திரைப்பட ஆவணக்காப்பகங்களுக்குக் கடிதம் எழுதுங்கள். பிரதியைச் சீரமைத்துக் கொடுத்தவர்களுக்குக் கட்டணம் செலுத்திப் பெறுவதும் நியாயமான செலவே.

பிரதி கைக்கு வந்ததும், ஒருவர் முதல் நொடி முதல் கடைசி நொடி வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் உதவிய சிறு நிலையம் ஒன்றில், தொடக்கத்தையும் நடுவையும் இறுதியையும் மட்டும் பார்த்துவிட்டு ஒரு படத்தை அனுமதித்துவிட்டோம். ஒளிபரப்பின்போது 61ஆம் நிமிடத்தில் உதடும் ஒலியும் பிரிந்தன. படம் முடியும்வரை சேரவே இல்லை. அன்றிரவு ஒரு முதிய பார்வையாளர் தொலைபேசியில், கோபமே இல்லாமல், “என் மனைவிக்குப் பிடித்த படம் இது” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு எந்தப் படத்தையும் நான் பாதியில் அனுமதித்ததில்லை.

படச் சட்டத்தின் அளவையும் பாருங்கள். 1950களின் தொடக்கம் வரை வந்த பெரும்பாலான அமெரிக்கப் படங்கள் 1.37:1 என்ற, சதுரத்துக்கு நெருங்கிய அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் திரையில் அவற்றின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதே சரி. திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்தால் முகங்கள் பருக்கும். மேலேயும் கீழேயும் வெட்டினால், நடனக் காட்சியில் கால்கள் காணாமல் போகும். பட்டை ஏன் இருக்கிறது என்று தொகுப்பாளர் முதல் வாரத்திலேயே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் புகார்கள் பெருமளவு குறையும்.

நான்காம் படி: தொகுப்பாளரைத் தேர்ந்தெடுங்கள்

அழகான குரலைத் தேடாதீர்கள். ஒரு படத்தை ஐந்தாவது முறை பார்த்துவிட்டும் அதைப் பற்றிப் பேச ஆவலுடன் இருப்பவரைத் தேடுங்கள். எல்வி யோஸ்ட் ஆசிரியராக இருந்தவர். தான் கண்ட மகிழ்ச்சியை மற்றவருக்குக் கடத்திவிடத் துடிக்கும் நல்லாசிரியரின் இயல்பு அவரிடம் இருந்தது. நியூயார்க்கின் தர்ட்டீன் நிலையம் 2008இல் ‘ரீல் 13’ என்ற சனிக்கிழமை வரிசையைத் தொடங்கியபோது, திரை வரலாற்றை எழுதிய நீல் காப்லரை அமர்த்தியது. பின்னர் அந்த இடத்துக்கு, நியூயார்க் திரைப்பட விழாவை 1988 முதல் 2012 வரை வழிநடத்திய ரிச்சர்ட் பெஞ்ஞா வந்தார். உங்கள் ஊரிலும் அத்தகையவர்கள் இருப்பார்கள்: கல்லூரி ஆசிரியர், நூலகர், ஓய்வுபெற்ற திரையரங்கப் புரொஜக்டர் ஆபரேட்டர், உள்ளூர் நாளேட்டின் விமர்சகர்.

ஒருவரா, இருவரா என்ற கேள்வி எழும். இருவர் என்றால் அவர்களுக்கிடையே உண்மையான வேறுபாடு இருக்க வேண்டும். 1975இல் சிகாகோவின் உள்ளூர்ப் பொது நிலையமான டபிள்யூ.டி.டி.டபிள்யூ, போட்டி நாளேடுகள் இரண்டின் விமர்சகர்களான ஜீன் சிஸ்கலையும் ரோஜர் ஈபர்ட்டையும் எதிரெதிரே அமர வைத்தது. அது புதிய படங்களுக்கான நிகழ்ச்சி என்றாலும் பாடம் நமக்கும் பொருந்தும். இருவரும் ஒரே கருத்தை மாறி மாறிச் சொன்னால் ஒரு நாற்காலி வீண்.

ஐந்தாம் படி: அறிமுக உரையை எழுதுங்கள்

அறிமுகம் மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள். ஆக 450 சொற்கள்தான் உங்கள் எல்லை. இதை எப்படிச் செலவிடுவது என்பதை ஒரே படத்தை வைத்துப் பார்ப்போம். பஸ்டர் கீட்டனின் ‘தி ஜெனரல்’ 1926ஆம் ஆண்டுப் படம், ஏறத்தாழ 78 நிமிடம். 90 நிமிட நேரத்தில் 12 நிமிடம் எஞ்சும்; அறிவிப்புகளுக்கு நான்கு போக, முன்னுரைக்கு மூன்று, பின்னுரைக்கு ஐந்து.

“கீட்டன் 1895இல் கான்சாஸில் பிறந்தார்” என்று தொடங்கினால் பார்வையாளர் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவார். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “இன்றிரவு ஒரு காட்சியில், காதலி தன்னை வெறுத்துவிட்டாள் என்ற துயரத்தில், ஒருவர் ரயில் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மீது அமர்ந்திருப்பார். எஞ்சின் மெல்ல நகரும். தண்டு அவரை மேலே தூக்கும், கீழே இறக்கும், மீண்டும் தூக்கும். சிறிது நேரம் அவர் அதைக் கவனிக்கவே மாட்டார். அந்த எஞ்சின் உண்மையானது. அதன் மீது இருப்பவர் கீட்டனேதான். சக்கரம் ஒருமுறை வழுக்கியிருந்தால் அவர் தூக்கி எறியப்பட்டிருப்பார்.” இப்போது பார்வையாளருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியும், கதை என்ன ஆகும் என்பது தெரியாது. அறிமுக உரையின் கடமை அவ்வளவே.

கதையைச் சொல்லாதீர்கள் என்று சொல்வதால், சொல்ல வேண்டியதை மறைக்கலாம் என்று பொருள் அல்ல. ‘தி ஜெனரல்’ 1862 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஜார்ஜியாவில் நடந்த உண்மைச் சம்பவத்தை ஒட்டியது: வடக்குப் படையின் உளவாளிகள் ஓர் எஞ்சினைத் திருடி வடக்கு நோக்கி ஓட்டிச் சென்றார்கள். அந்த முயற்சியில் பங்கேற்ற வடக்கத்தியர் ஒருவர் எழுதிய நூலே மூலம். கீட்டனோ கதையைத் திருப்பி, தெற்கத்திய எஞ்சின் ஓட்டுநரை நாயகனாக்கினார். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் சீருடையை நாயகன் அணிய ஏங்குகிறான் என்பதை, குறிப்பாகக் கறுப்பினப் பார்வையாளர்களுக்கு முன், சொல்லாமல் கடப்பது நேர்மை ஆகாது. முன்னுரையில் இரண்டு தெளிவான வாக்கியம், பின்னுரையில் விரிவான உரையாடல் என்ற பகுப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. அடிமை முறைக் காலத் தெற்கை அழகாகக் காட்டிய ‘கான் வித் தி விண்ட்’ 2020இல் ஒரு இணையத் தளத்திலிருந்து சிறிது காலம் நீக்கப்பட்டு, பேராசிரியர் ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் அறிமுக உரையுடன் திரும்பி வந்தது. படத்தை மறைக்காமலும் மழுப்பாமலும் வழங்க ஒரு நல்ல தொகுப்பாளரால் முடியும் என்பதற்கு அது சான்று.

ஆறாம் படி: பின்னுரையும் விருந்தினரும்

படம் முடிந்த அடுத்த நிமிடம் பார்வையாளரின் மனம் திறந்திருக்கும். முன்னால் சொன்னால் கெட்டுவிடும் செய்திகளை இங்கே வையுங்கள். ‘தி ஜெனரல்’ படத்தில், எரியும் பாலத்தில் ரயில் ஆற்றுக்குள் விழும் காட்சி பொம்மை அல்ல. 1926 ஜூலையில் ஒரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் அருகே உண்மையான எஞ்சினை வீழ்த்தி, ஒரே முயற்சியில் எடுத்தது. அதற்கு 42,000 டாலர் செலவானதாகச் சொல்லப்படுகிறது. அந்த எஞ்சின் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய இரும்புக்காக எடுக்கப்படும் வரை ஆற்றிலேயே கிடந்தது. வெளியானபோது படம் தோல்வி. கீட்டன் தன் சுதந்திரத்தை இழந்து பெரிய ஸ்டுடியோ ஒன்றில் சேர நேர்ந்தது. 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் பட்டியலிலேயே அதே படம் இடம்பெற்றது.

விருந்தினராகப் பிரபலங்கள் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். ரயில் படத்துக்கு ஓய்வுபெற்ற எஞ்சின் ஓட்டுநரையும், செய்தியாளர் படத்துக்கு உள்ளூர் நாளேட்டின் ஆசிரியரையும் அழைத்துப் பாருங்கள். கேள்விகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். விருந்தினரையும் முந்தைய வாரமே படத்தை முழுமையாகப் பார்க்கச் செய்யுங்கள். நினைவிலிருந்து பேசுபவர்கள் பெரும்பாலும் வேறு படத்தின் காட்சியைச் சொல்லிவிடுவார்கள்.

ஏழாம் படி: பதிவும் ஒப்படைப்பும்

ஒரே நாளில் நான்கு வாரங்களுக்கான பகுதிகளைப் பதிவு செய்வது சிக்கனம். தொகுப்பாளர் நான்கு சட்டைகளுடன் வரட்டும். நெருக்கமான கோடு போட்ட துணி கேமராவில் அலைபாயும், தவிர்க்கவும். டெலிப்ராம்ப்டர் இருந்தாலும் முதல் இரண்டு வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லச் செய்யுங்கள். கண்களில் உயிர் வரும். “இந்த வாரம்”, “இந்தக் குளிர்காலம்” போன்ற சொற்களை விலக்கினால் மறு ஒளிபரப்புக்கு உதவும்.

ஒலியின் அளவு அமெரிக்க ஒளிபரப்பு நெறிப்படி −24 எல்.கே.எஃப்.எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அருகே இருக்க வேண்டும். இதில் அடிக்கடி நேரும் பிழை, தொகுப்பாளரின் குரல் முழங்க, அடுத்து வரும் 1930களின் ஒற்றைத் தட ஒலி மெலிந்து கேட்பது. இரண்டையும் சேர்த்தே அளவிடுங்கள். பழைய ஒலியின் இரைச்சலை முற்றிலும் துடைக்க முயலாதீர்கள்; இரைச்சலுடன் குரலின் மேல் பகுதியும் போய், நடிகர்கள் நீருக்கடியில் பேசுவதுபோல் ஆகிவிடும். வசனவரிகள் படத்துக்கு மட்டுமல்ல, தொகுப்பாளரின் பேச்சுக்கும் தேவை. இந்தப் படங்களை மிக விரும்பிப் பார்ப்பவர்களில் காது மங்கியவர்கள் பலர்.

எட்டாம் படி: பணம்

2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ், பொது நிலையங்களுக்கு அரசு நிதியைப் பகிர்ந்தளித்துவந்த பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு ஒதுக்கியிருந்த இரண்டு ஆண்டுகளுக்கான 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றது. சிறு நிலையங்களுக்கு இது பேரிழப்பு. ஒன்டாரியோ நிகழ்ச்சியும் நிதிக் குறைப்பாலேயே 2013இல் நின்றது. எனவே ஒரு நிகழ்ச்சியின் செலவை நான்கு தலைப்பில் (உரிமை, பிரதி, படப்பிடிப்புக் கூடத்தின் நேரம், வசனவரி) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ளூர் ஆதரவாளரைத் தேடுங்கள். ஆதரவாளரின் பெயரையும் தொழிலையும் சொல்லலாம். விலையைச் சொல்வதும், “வாங்குங்கள்” என்று அழைப்பதும் விதிப்படி கூடாது. நன்கொடை கேட்கும் வாரங்களில் படத்தின் நடுவே நிறுத்திக் கேட்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அறுபடாத படம் என்பதற்காகவே நன்கொடை தருபவரிடம், படத்தை அறுத்துக் கேட்பது முறையல்ல. முன்னுரைக்கு முன்பும் பின்னுரைக்குப் பின்பும் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் பருவம்

13 வாரங்களுடன் தொடங்குங்கள். எட்டுப் படங்கள் உரிமை தீர்ந்தவையாகவும் ஐந்து விலைக்கு வாங்கியவையாகவும் இருந்தால் செலவு தாங்கும். முதல் வாரம் மௌனப் படம் வேண்டாம். மூன்றாம் வாரத்துக்குள் தொகுப்பாளரைப் பார்வையாளர்கள் நம்பத் தொடங்கியிருப்பார்கள், அப்போது கொடுங்கள். வரும் கடிதங்களில் ஒன்றையாவது ஒவ்வொரு வாரமும் அவர் கையில் எடுத்துப் படிக்கட்டும்.

பருவத்தின் கடைசிப் படத்தை மட்டும் குழு தேர்ந்தெடுக்க வேண்டாம். தொகுப்பாளரிடம் விட்டுவிடுங்கள், ஏன் அந்தப் படம் என்று அவரே சொல்லட்டும். 1999இல் எல்வி யோஸ்ட் ஓய்வுபெற்றபோது அவரது கடைசி நிகழ்ச்சியில் ஓடியது ‘ஸ்பீட்’, ஐந்தே ஆண்டுப் பழைமை கொண்ட ஒரு விறுவிறுப்பான படம். அதன் திரைக்கதையை எழுதியவர் அவருடைய மகன் கிரஹாம் யோஸ்ட்.